புட்டியில் இருப்பதை எழுதச் சொல்லுங்கள்

மூலிகை மருந்துகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

கல்லீரல் டானிக் என்று கடைகளில் விற்பவை பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். எந்தச் செடி, எந்தப் பாகம், அதிலுள்ள முக்கியச் சத்து எத்தனை மில்லிகிராம் என்று ஒவ்வொரு புட்டியிலும் அச்சிட வையுங்கள்.

என் அப்பாவுக்குக் கண் மஞ்சளித்ததும் அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார். கூடவே ஒரு டானிக்கும் வாங்கினோம். மூன்று வாரம் போனது. வாந்தி தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி என்றார்கள். "இத்தனை நாள் என்ன சாப்பிட்டார்?" என்று டாக்டர் கேட்டார். புட்டியை நீட்டினேன். முன்பக்கம் இலைப் படம். பின்பக்கம் பொடி எழுத்தில் சில பெயர்கள், அளவு கிடையாது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்துவிட்டார். கெடுத்தது கிருமி மட்டுமா, புட்டியில் இருந்ததும் சேர்ந்தா என்று அவராலும் சொல்ல முடியவில்லை. அப்பா பிழைத்துக்கொண்டார். அம்மா மட்டும் அந்தக் கேள்வியை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கீழாநெல்லியை நான் குறை சொல்லவில்லை. ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்குச் சென்னையில் 30 நாள் அதன் தூளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கடைச் சரக்கில் கீழாநெல்லியின் சாயலுள்ள வேறு இனங்களும் கலக்கின்றன. கீழாநெல்லியின் முக்கியச் சத்துகளில் ஒன்றான பில்லாந்தின் எல்லாவற்றிலும் ஒரே அளவில் இருக்காது. கொரோனா காலத்தில் மும்பையில் சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்தபோது, அது சீந்திலா, அதைப் போன்ற வேறு கொடியா என்றே வாதம் நடந்தது. நோயாளி கையில் இருக்கும் புட்டி அதைச் சொல்ல வேண்டாமா?

கல்லீரலுக்காக வெளிநாட்டுச் செடியிலிருந்து எடுக்கும் சிலிமரின் என்ற சத்தின் மாத்திரை அட்டையில் 140 மில்லிகிராம் என்று இருக்கிறது. நம் வரப்பில் முளைக்கும் செடிக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை? 'மூலிகை, பக்கவிளைவே கிடையாது' என்று விளம்பரம் செய்ய இடம் இருக்கிறது, அளவு எழுத இடம் இல்லையா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். செடியின் பெயர், பாகம், சத்தின் அளவு மூன்றையும் எழுத வையுங்கள். அப்புறம், 'கண் மஞ்சளித்தால் முதலில் ரத்தப் பரிசோதனை' என்ற ஒரு வரியையும் சேர்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகன்