காதை அளக்கும் கருவியையும் அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவித்திறன் பரிசோதனைத் துறையில் 22 ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை முகாம்கள் பற்றிய செய்திகளைத் தங்கள் நாளிதழில் படிக்கும்போதெல்லாம், அங்கே வைக்கப்பட்டுள்ள ஆடியோமீட்டர் (செவித்திறனை அளக்கும் கருவி) கடைசியாக எப்போது அளவுத்திருத்தம் (காட்டும் அளவு சரியா என்று சோதித்துச் சீராக்குதல்) செய்யப்பட்டது என்ற கேள்விதான் எனக்குள் முதலில் எழுகிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இரு காதுகளிலும் பேச்சுக்குரிய அலைவெண்களில் (அதிர்வெண்களில்) 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உள்ளவரைச் செவித்திறன் குறைந்தவர் என்றும், 70 டெசிபல் இழப்பு உள்ளவரைக் காது கேளாதவர் என்றும் வரையறுக்கிறது. அரசு வேலையில் இவர்களுக்குரிய ஒரு விழுக்காடு ஒதுக்கீடும் இந்த வரையறையை நம்பியே நிற்கிறது. உண்மையில் 62 டெசிபல் இழப்பு உள்ள ஒருவருக்கு, கருவி தான் காட்டும் அளவைவிட 5 டெசிபல் கூடுதலாக ஒலித்தால், அவர் 57-லேயே கேட்டுவிட்டதாகப் பதிவாகும். சட்டம் தரும் உரிமை அந்த ஐந்து டெசிபலில் கைநழுவிப் போகும்.

சில ஆண்டுகளுக்கு முன் விசைத்தறித் தொழிலாளி ஒருவர், இரண்டு இடங்களில் எடுத்த இரண்டு ஆடியோகிராம்களோடு (செவித்திறனைக் காட்டும் வரைபடங்கள்) என்னிடம் வந்தார். பல அலைவெண்களில் இரண்டுக்கும் இடையே 10 டெசிபல் வேறுபாடு இருந்தது. விசாரித்தபோது, ஓரிடத்தில் ஹெட்போன் வயர் அறுந்துபோனதால் வேறொரு கருவியின் ஹெட்போனை எடுத்து மாட்டியிருந்தது தெரிந்தது. ஹெட்போனும் கருவியும் சேர்த்தே அளவுத்திருத்தம் செய்யப்படுகின்றன. ஒன்றை மாற்றினால் மறுபடியும் அளக்காமல் பயன்படுத்தக் கூடாது. வேண்டுமென்று யாரும் இத்தவற்றைச் செய்யவில்லை, சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் நேர்ந்தது. ஆனால், மூன்று நாள் கூலியை இழந்தவர் அந்தத் தொழிலாளி.

கருவி வாங்கும்போதே இந்தச் சிக்கல் தொடங்கிவிடுகிறது. விலைப்புள்ளிகளில் மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தால், பள்ளி முகாமுக்கு மட்டுமே ஏற்ற சிறிய ஸ்கிரீனிங் ஆடியோமீட்டர்கள் நோயறியும் பணிக்கு வந்து சேர்கின்றன. அவற்றில் எலும்பு வழியாகக் கேட்கும் திறனைச் சோதிக்கும் வசதி பெரும்பாலும் இருப்பதில்லை. அது இல்லாவிட்டால் கோளாறு நடுச்செவியிலா, உட்செவி நரம்பிலா என்று பிரித்தறிய முடியாது. மறுகாதை இரைச்சலால் மறைக்கும் வசதியும் கட்டாயம் வேண்டும். சாதாரண ஹெட்போனில் ஏறத்தாழ 40 டெசிபலுக்கு மேல் ஒலி மண்டையோட்டின் வழியே மறுபக்கம் கடந்துவிடுவதால், செவிடான காதைச் சோதிக்கையில் நல்ல காதே கேட்டுப் பதில் சொல்லிவிடும். அனுபவமில்லாதவர் அதை அப்படியே பதிவு செய்துவிடுவார்.

கருவியைப் போலவே அறையும் முக்கியம். மின்விசிறியும் வாசலில் நிற்கும் கூட்டமும் எழுப்பும் இரைச்சல் 250, 500 ஹெர்ட்ஸ் ஒலிகளை விழுங்கிவிடுகிறது. நன்றாகக் கேட்கும் பள்ளிக் குழந்தைக்கும் குறை இருப்பதாக அறிக்கை எழுதப்படுவது இப்படித்தான்.

பராமரிப்பில் பெரும்பகுதி செலவில்லாதது. ஒவ்வொரு நாள் காலையிலும், முதல் நோயாளி வருமுன், பரிசோதகர் ஹெட்போனைத் தாமே அணிந்து எல்லா அலைவெண்களையும் கேட்டுப் பார்க்க வேண்டும். தமது கேட்கும் அளவு அவருக்குத் தெரியும். அதிலிருந்து 10 டெசிபல் விலகினால் கருவியைச் சந்தேகிக்கலாம். வயரை அசைத்துப் பார்த்து ஒலி விட்டுவிட்டு வருகிறதா என்று கவனிப்பதும், விறைத்துப்போன காதுமெத்தையை மாற்றுவதும் அப்போதே முடிந்துவிடும். இதற்கு மேல், ஆண்டுக்கு ஒருமுறை செயற்கைக் காதும் (ஹெட்போன் ஒலியை அளக்க உதவும், காது போன்ற அமைப்பு) ஒலிமட்டமானியும் கொண்டு முறையாக அளப்பதற்குப் பணம் வேண்டும். அந்தப் பணம் கொள்முதல் கணக்கில் சேர்க்கப்படாததால், கருவி வாங்கிய முதல் ஆண்டோடு அளவுத்திருத்தமும் நின்றுவிடுவதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன்.

பிறந்த குழந்தைகளின் காதில் ஒலி செலுத்தி, உட்செவி திருப்பி எழுப்பும் மெல்லிய ஒலியைப் பதிவு செய்து சோதிக்கும் ஓஏஇ கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் முனையிலுள்ள நுண்ணிய துளையில் சிறிது அழுக்கு அடைத்தாலும், நல்ல செவியுள்ள குழந்தைகூடத் தேர்ச்சி பெறாது. பிரசவித்த சில நாட்களிலேயே, "உங்கள் குழந்தைக்கு மறுபரிசோதனை தேவை" என்று சொல்லக் கேட்ட தாய்மார்கள் என் முன் அழுதிருக்கிறார்கள். புதிய முனையைப் பொருத்திச் சோதித்ததும் குழந்தை தேர்ச்சி பெற்ற நாட்களும் உண்டு. அந்த முனைகளின் இருப்பு தீராமல் பார்த்துக்கொள்வது மருத்துவமனை நிர்வாகத்தின் பொறுப்பு.

ஆகவே, செவிப் பரிசோதனைக் கருவிகளுக்கான ஒப்பந்தப்புள்ளிகளில் ஐந்து ஆண்டு அளவுத்திருத்தச் செலவையும் சேர்த்தே விலையை மதிப்பிட வேண்டும் என்று சுகாதாரத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். நோயாளியிடம் தரப்படும் ஒவ்வொரு ஆடியோகிராமிலும் அக்கருவி கடைசியாக அளவுத்திருத்தம் செய்யப்பட்ட தேதி குறிக்கப்பட வேண்டும். அந்தத் தேதி ஓராண்டைக் கடந்திருந்தால் மறுபரிசோதனை கேட்கும் உரிமை நோயாளிக்கு வழங்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
செவித்திறன் வல்லுநர் ஒருவர்,
ஈரோடு.