பழைய காற்றாலையை இறக்கும் முன் பேனலைக் கழற்றி வையுங்கள்

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பழைய காற்றாலை வைத்திருக்கும் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலருக்கு ஊர் கோவை, திருப்பூர், ராஜபாளையம். மில்லுக்குக் கரண்ட் வேண்டும் என்று 1990களில் எங்கள் கணவாயில் வந்து காற்றாலை போட்டீர்கள். நான் தோவாளைக்காரன். அந்தக் காற்றாலைகளின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் போர்டுகளைப் பழுது பார்ப்பதுதான் இத்தனை வருடமாக என் பிழைப்பு. இப்போது அந்த 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. அதைத் தவறு என்று சொல்ல வரவில்லை. 20 ஆண்டு தாண்டியவற்றுக்காக தமிழக அரசு 2024-ல் ஒரு கொள்கையே வெளியிட்டிருக்கிறது. பெரிய இயந்திரம் வந்தால் அதே இடத்தில் கூடுதல் மின்சாரம் கிடைக்கும், சரி. நான் கேட்பது ஒன்றுதான்: கோபுரத்தின் அடியில் அந்த போர்டுகள் இருக்கும் பெட்டியை, அதாவது கன்ட்ரோல் பேனலை, ஆக்கர் கடைக்கு (பழைய இரும்புக் கடைக்கு) எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

சில வருடங்களுக்கு முன், ஒரு ஆடி மாதம். அம்மியையும் பறக்கவைக்கும் காற்று. சுற்றிலும் எல்லாம் சுழல, ஒரு 250 கிலோவாட் இயந்திரம் மட்டும் நின்றது. பிராசஸர் கார்டு, அதாவது கன்ட்ரோலரின் மூளையான போர்டு, போய்விட்டது. அதைச் செய்த கம்பெனி இன்று இல்லை. சென்னை ரிச்சி தெருவில் தேடினேன், மும்பை லேமிங்டன் ரோட்டில் சொல்லி வைத்தேன். 24 நாள் கழித்து வெளிநாட்டிலிருந்து பழைய கார்டு ஒன்று வந்தது. பார்க்க அச்சு அசல் அதே கார்டு. ஆனால் உள்ளே புரோகிராமைச் சேமித்து வைத்திருக்கும் சிப்பான ஈப்ராமில் பதிப்பு வேறு, இயந்திரம் எடுக்கவில்லை. எங்கள் பழைய ஈப்ராமைக் கழற்றி அதில் குத்திய பிறகுதான் ஓடியது. அப்புறம் தெரிந்தது: இரண்டு கிலோமீட்டர் தள்ளி அந்தப் பங்குனியில் இறக்கிய இயந்திரத்தில் இதே கார்டு இருந்திருக்கிறது. செம்புக்காகப் பேனலை உடைத்து, கார்டைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். நமக்கு வருமானமே வைகாசியிலிருந்து புரட்டாசி வரைதான். அதில் 24 நாள் போனால் என்ன மிஞ்சும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

பணத்தைவிட என்னைப் பயமுறுத்துவது வேறு. உதிரிபாகம் கிடைக்காத இடத்தில் ஒயரைச் சுற்றிவிடுகிறார்கள். அதிகம் அதிர்ந்தால் இயந்திரத்தை நிறுத்தும் அதிர்வு சுவிட்ச் கெட்டதா, அதைத் தாண்டி இணைக்க ஒரு ஒயர், ஒரு ஜம்பர். வேகம் காட்டும் சென்சார் தகராறா, அதற்கும் ஒரு வழி. பிரேக் பிடிக்கச் சொல்ல வேண்டிய கண்ணையே கட்டிவிட்டு, ஆடிக் காற்றில் இயந்திரத்தை ஓடவிடுவது கொலைக்குச் சமம். கிரிட் (மின்வாரிய லைன்) போகும் நேரத்தில் வேகம் எகிறினால் இறக்கை பிய்த்துக்கொண்டு போகும். மேலே ஏறியிருப்பது யார் வீட்டுப் பையனோ! ஒரு சின்ன சுவிட்ச் அலமாரியில் இருந்திருந்தால் அந்த ஜம்பருக்கு வேலையே இருந்திருக்காது.

ஆன்லைனில் வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம், பார்த்து வாங்க வேண்டும். பழைய ஐசி சிப்பின் மேல் எழுத்தைச் சுரண்டி, புது எண் அச்சடித்து விற்கிறார்கள். அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தால் பல நேரம் எழுத்து கையோடு வந்துவிடும். நம் ஊரில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்திலிருந்து கழற்றிய கார்டுக்கு இந்தச் சந்தேகம் இல்லை. அது நேற்று வரை வேலை செய்ததை நாமே பார்த்திருக்கிறோம்.

கழற்றுவதிலும் முறை உண்டு. முதலில் பேனல் டிராயிங்கை எடுங்கள். பெரும்பாலும் கதவின் உள்பக்கப் பையில் எண்ணெய்க் கறையோடு கிடக்கும். எந்தக் கார்டையும்விட அதுதான் விலை மதிப்புள்ளது. மின்சாரம் இருக்கும்போதே திரையில் உள்ள செட்டிங் மதிப்புகளை எல்லாம் எழுதிவிடுங்கள். பல கார்டுகளில் பேட்டரி தீர்ந்தால் அவை அழிந்துவிடும். ஈப்ராமின் கண்ணாடி மேல் உள்ள ஸ்டிக்கரை உரிக்காதீர்கள், வெயில் பட்டால் புரோகிராம் போய்விடும். அந்தச் சிப்பைப் படித்து இரண்டு இடத்தில் சேமித்து வைப்பது அரை மணி நேர வேலை. உள்ளே இருப்பது மின்னேற்றம்தானே, முப்பது வருடத்தில் அதுவும் கசியும். படிக்க முடிகிறபோதே படித்துவிட வேண்டும்.

வைக்கும் இடமும் முக்கியம். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கடலும் பக்கம். கார்டுகளை நிலைமின் தடுப்பு உறையில், சிலிக்கா ஜெல் போட்டு, இரும்பு பீரோவில் வைத்தால் போதும். ஆனால் வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. எலக்ட்ரோலைடிக் கெபாசிட்டர் சும்மா கிடந்தாலே கெடும். பல வருடம் கழித்து ஒரேயடியாக முழு வோல்ட்டேஜ் கொடுத்தால் வெடிக்கவும் செய்யும். வருடம் ஒருமுறை, மாசி மாதத்தில், வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கில் மெதுவாக வோல்ட்டேஜ் ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

புது பிஎல்சி (புரோகிராம் எழுதி ஓட்டும் கட்டுப்பாட்டுக் கருவி) போட்டு மொத்தமாக மாற்றிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அந்த இயந்திரத்தின் பிரேக் முறையை முழுதாகத் தெரிந்தவர் புரோகிராம் எழுதினால் நானும் ஆதரிப்பேன். ஆனால் இரண்டே இயந்திரம் வைத்திருப்பவருக்கு அந்தச் செலவு கட்டாது. அந்தப் புதுசும் ஒருநாள் பழசாகும்: உங்கள் மில்களில் இன்றும் ஓடும் சீமென்ஸ் எஸ்7-300 என்ற பிஎல்சி, 2023 அக்டோபரோடு வழக்கமான விற்பனையிலிருந்து விலகி உதிரிபாகக் கணக்குக்குப் போய்விட்டது.

ஆகவே கழற்றிய கார்டுகளைச் சேர்த்து வைக்க ஆரல்வாய்மொழியில் ஒரு அறை வேண்டும். ஒரே மாடல் வைத்திருக்கும் நீங்கள் நாலைந்து பேர் சேர்ந்தாலே போதும். யார் கார்டு கொடுத்தார், யார் எடுத்தார் என்று ஒரு நோட்டு. எடுத்தவர் கெட்ட கார்டைத் திருப்பித் தர வேண்டும், அதையும் சரி செய்து அலமாரியில் வைக்கலாம்.

இறக்கும் தேதி முடிவானால் ஒரு வாரம் முன்பே உங்கள் சைட் இன்சார்ஜிடம் சொல்லிவையுங்கள். கிரேன் வருவதற்கு முதல் நாள் நானே வந்து கழற்றி, லேபிள் ஒட்டித் தருகிறேன். அதற்குக் கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
தோவாளையிலிருந்து ஒரு போர்டு மெக்கானிக்