வெளிநாட்டிலிருந்து கேம் அனுப்பும் மாமா, சித்தி, பெரியப்பாமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள உறவுகளே,

மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கங்களில் போனும் கேமும் திருத்துகிற நாங்கள் இதை எழுதுகிறோம். லண்டன், சூரிச், டொராண்டோ, கட்டார், ஜப்பான் என்று எங்கிருந்தாலும், ஊரிலுள்ள சின்னப் பிள்ளைக்குக் கையடக்கக் கேம் ஒன்று வாங்கி அனுப்பலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு எங்கள் பதில்: ஆறு வயது முடியாத பிள்ளைக்கு வேண்டாம். ஏழு, எட்டு வயதென்றால் அனுப்பலாம். ஆனால் பிள்ளையின் பெயருக்கு இல்லை, தாயின் கைக்கு.

சிறிய பிள்ளைக்கு ஏன் வேண்டாம் என்கிறோம்? 2 முதல் 4 வயது வரை திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரம் நாளைக்கு ஒரு மணியைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அந்த ஒரு மணியை அம்மாவின் போன் ஏற்கனவே தின்றுவிடுகிறது. நீங்கள் அனுப்ப நினைக்கும் கையடக்கக் கேமான நின்டெண்டோ சுவிட்ச், இரண்டு பக்கக் கைப்பிடிகளோடும் ஏறத்தாழ 400 கிராம். அதற்குப் பின் வந்த சுவிட்ச் 2 அரைக் கிலோவுக்கும் மேல். ஐந்து வயதுக் கைக்கு அது பாரம். படுத்து, வயிற்றில் வைத்து, முகத்துக்குக் கிட்டப் பிடித்துத்தான் விளையாடும். உள்ளே செருகும் கேம் கார்டும் தபால் முத்திரை அளவுதான். பிள்ளைகள் வாயில் போட்டால் துப்பட்டும் என்று அதற்குக் கசப்பு மருந்து பூசியே விற்கிறார்கள்; தயாரித்தவர்களுக்கே அந்தப் பயம் இருக்கிறது.

கடைகளில் கிடைக்கும் ‘400 கேம்’ பெட்டியைப் பற்றியும் கேட்கிறீர்கள். அதில் விளம்பரம் இல்லை, இணையம் இல்லை. பெரும்பாலும் பழைய நோக்கியா போனின் பிஎல்-5சி பெட்டரிதான் உள்ளே இருக்கும், பழுதானால் மாற்றலாம். ஊதிப்போன பெட்டரியை மட்டும் அமுக்கி மூடிப் போடாதீர்கள். பொத்தான் பெட்டரி போட்ட விளையாட்டுச் சாமான் எதுவானாலும் மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியதா என்று பாருங்கள். விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் தொண்டையைப் புண்ணாக்கிவிடும். ஒரு நிமிடமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஏழு, எட்டு வயதுக்கு வருவோம். போனில் இலவசக் கேம் விளையாடுவதைவிட, இரண்டு கார்ட்டோடு இருக்கிற சுவிட்ச் நல்லது என்பதே எங்கள் எண்ணம். நடுவில் விளம்பரம் வராது, அடுத்த வீடியோ தானாக ஓடாது. ஆனால் சுவிட்ச் லைட் வேண்டாம். மலிவு என்று அதைத்தான் எல்லோரும் வாங்குகிறீர்கள். அதை டீவியில் போட முடியாது, கைப்பிடியும் கழராது. பெருவிரலால் தள்ளும் ஸ்டிக் ஒரு பக்கம் பழுதானால் முழுக் கருவியையும் திறக்க வேண்டும். ஸ்டிக் பழுதாவதோ நிச்சயம் என்றே வையுங்கள். உள்ளே கார்பன் தகட்டில் உலோக நுனி உரசிக்கொண்டே இருக்கும். தேய்ந்த தூளும், எங்கள் ஊர் மணலும், கடற்காற்று உப்பும் சேர்ந்தால், கை வைக்காமலே கேமிலுள்ள மரியோ ஒரு பக்கம் நடக்கத் தொடங்குவார். கொன்டாக்ட் கிளீனர் அடித்தால் கொஞ்ச நாள் நிற்கும், பிறகு திரும்ப வரும். மாற்றுவதென்றால், காந்தத்தில் வேலை செய்யும் ஸ்டிக்கைப் போடச் சொல்லுங்கள். அதில் உரசல் இல்லை.

கழரும் கைப்பிடி உள்ள சுவிட்ச் என்றால், இரண்டு கைப்பிடிகளையும் பிரித்து மச்சான், மச்சாள் இருவரும் டீவியில் சேர்ந்து விளையாடலாம். திரை தூரத்தில் இருக்கும், என்ன நடக்கிறதென்று வீட்டாருக்கும் தெரியும். மரியோ கார்ட் 8 டீலக்ஸ் போல வாசிக்கத் தேவையில்லாத கேம் வாங்குங்கள். சுவிட்சில் தமிழ் இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கிலம் பேசும் போக்கிமோன் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்கு?

ஜப்பானில் இருப்பவர்கள் கவனிக்க: அங்கே மலிவாக விற்கும் சுவிட்ச் 2 ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இயங்கும், ஜப்பான் கணக்கு மட்டும்தான் ஏற்கும். மொழியை எங்களால் மாற்றித் தர முடியாது. சுவிட்ச் 2 கேம்களில் ‘கீ கார்ட்’ என்று குறித்தவற்றில் கேம் உள்ளே இல்லை. முழுவதையும் இணையத்தில் இறக்க வேண்டும். வீட்டு டேட்டா பக்கேஜ் ஒரே இரவில் முடியும்.

இனிப் பூட்டு. பெற்றோர் கட்டுப்பாட்டு செயலியை உங்கள் போனில் போடாதீர்கள், தாயின் போனில் போடச் செய்யுங்கள். நாள் நேரம், இரவு நேரம், வயது வரம்பு மூன்றையும் வைக்கலாம். நேரம் முடிந்ததும் கேமை நிறுத்தும் தெரிவைத் தனியாகப் போட வேண்டும். இல்லாவிட்டால் எச்சரிக்கை மட்டும் வரும், பிள்ளை அதைக் கவனிக்காது. தாய்மாமன் வாங்கித் தந்ததைப் பறிக்க அக்காவுக்கு மனம் வராது. ‘அம்மா தந்தால்தான் விளையாட்டு’ என்று நீங்களே பிள்ளையிடம் சொன்னால் அவருக்குப் பாதிப் பாரம் குறையும். நிறுத்தச் சொல்லும்போது மேலுள்ள பவர் பொத்தானை ஒருமுறை தட்டினால் போதும். விட்ட இடத்திலேயே தூங்கும், அழிந்துபோகாது. இது தெரியாமல்தான் பாதிச் சண்டை.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் முடியும்வரை அலுமாரியில் பூட்டி வைப்பவர்கள் உண்டு. வைக்கலாம், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் ஏற்றுங்கள். அடிமட்டம் வரை இறங்கிய லித்தியம் பெட்டரி எழும்பாமலே போகலாம். செத்துவிட்டதென்று கொண்டுவர முன், அதற்குரிய சார்ஜரில் அரை மணித்தியாலமாவது விட்டுப் பாருங்கள். மாரியில் ஈரம் குடித்தால் அரிசிக்குள் புதைக்க வேண்டாம். தூள்தான் உள்ளே போகும். நிறுத்தி, சார்ஜில் போடாமல் கொண்டுவாருங்கள்.

பார்சல் கட்டும்போது சார்ஜரை மறக்காதீர்கள். கேமை டீவியோடு இணைக்கும் டொக் போன் சார்ஜரில் வேலை செய்யாது. அதற்குக் கேமோடு வரும் அந்தச் சார்ஜரே வேண்டும். அது 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பதால் எங்கள் 230 வோல்ட்டுக்குப் பயமில்லை, பின் மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். லண்டன் பின் புதிய வீடுகளில் நேராக ஏறும். கனடா, ஜப்பான், சுவிஸ் பின்களுக்கு இறுக்கமான மாற்றி ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள். தளர்ந்த மாற்றியில் தீப்பொறி பறந்து கருகிய சார்ஜர்கள் எங்கள் மேசைக்கு நிறைய வருகின்றன.

இப்படிக்கு,
போனும் கேமும் திருத்துகிறவர்கள்,
மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடி, கல்முனை