பைபிளைத் திறக்கேலாமல் கிடக்கிற தங்கச்சிக்கு

அன்பான தங்கச்சி,

போன ஞாயிறு ஆராதனை முடிந்து மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் ஓட்டோவுக்கு நிற்கும்போது நீ சொன்னாய்: "அக்கா, பைபிளைத் திறந்தா எழுத்தெல்லாம் ஓடுது. ஒரு வசனமும் உள்ளுக்குப் போகுதில்ல. ஆண்டவருக்கு என்னில கோவமாக்கும்." நான் ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டோ வந்துவிட்டது, நீயும் படுக்கையில் கிடக்கிற தம்பிக்கு மருந்து கொடுக்கிற நேரம் என்று ஏறிப் போய்விட்டாய். அன்று சொல்லாததைத்தான் இப்போது எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை. எல்லோரும் வாசிக்கிற மாதிரி எழுதுவதற்குக் காரணம், ஒரு கட்டிலைச் சுற்றியே நாளெல்லாம் நடக்கிற பெண்கள் நம்முடைய சபைக்குள்ளேயே இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள், அவர்களும் யாரிடமும் வாய் திறப்பதில்லை.

முதலில் ஒரு மன்னிப்பு. விடியற்காலையில் ரோஜாப்பூப் படத்தோடு உன் வாட்ஸப்புக்கு வசனம் அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. இரவு மூன்று தரம் எழும்பித் தம்பியைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, விடியும்போது கண் சொருகுகிற ஒருத்திக்கு "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று அனுப்பியிருக்கிறேன். வசனத்தில் பிழையில்லை. அனுப்பினவளுக்குத்தான் புத்தியில்லை.

உன் வீட்டுக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிக்கிடக்கிற வாக்குத்தத்த அட்டையைப் பற்றித்தான் நான் கனக்க யோசித்தேன். டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புது வருஷத்துக்கான வசனம் என்று நீ பெட்டிக்குள் கைவிட்டு எடுத்தது. எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." எடுத்துக்கொண்டு வந்து எனக்குக் காட்டிச் சிரித்தாய். தை முடியுமுன் தம்பி விழுந்தார், வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. இப்போது ஒன்றரை வருஷம். அந்த அட்டையைக் கழற்றவும் மனமில்லை, நிமிர்ந்து பார்க்கவும் மனமில்லை என்று ஒருநாள் சொன்னாய். அட்டை உன்னை ஏமாற்றிவிட்டது என்று நீ நினைக்கிறாய், வெளியில் சொல்லாவிட்டாலும்.

ஏமாற்றியது அட்டையை வெட்டினவர்கள்தான். ஒரு முழுக் கடிதத்திலிருந்து ஒரு வரியை மட்டும் நறுக்கி எடுத்து அச்சடித்துவிட்டார்கள். ஓம், அது ஒரு கடிதம். எரேமியா எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு எழுதி அனுப்பினது. கி.மு. 597இல் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் அங்கே மூட்டையை அவிழ்க்காமல் இருந்தார்கள் என்று வைத்துக்கொள், இன்றைக்குப் போவோம் நாளைக்குப் போவோம் என்று. அதற்கு முந்தின அதிகாரத்தைப் பார். அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி எழும்பி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்தில் வைத்து எல்லோருக்கும் முன்னால் சொல்கிறான். கேட்கிறதற்கு எவ்வளவு இனிப்பு! எரேமியா சொன்னது எழுபது வருஷம். எழுபது என்றால் அந்தக் கடிதத்தை வாசித்த பெரியவர்களில் அநேகம் பேர் ஊர் திரும்பியிருக்கவே மாட்டார்கள். அப்படிப்பட்ட ஆட்களுக்குத்தான் "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்று எழுதுகிறார். அதற்கு முன்னால் என்ன எழுதுகிறார் தெரியுமா, வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்று. பிடித்துக்கொண்டு போன ஊரில், அந்நியனுடைய மண்ணில்.

உன் வீட்டுக்கும் ஒரு அனனியா வந்தார். ஆள் யார் என்று நான் எழுதமாட்டேன். தம்பியின் தலையில் கைவைத்து, நாற்பது நாளில் எழும்பி நடப்பார் என்று சத்தமாய்ச் சொல்லிவிட்டுப் போனார். நீ கலண்டரில் நாள் வெட்டினாய். நாற்பத்தொராவது நாள் நீ அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். நடக்காததற்கு உன் விசுவாசம் போதவில்லை என்று பிறகு ஆள் விட்டுச் சொன்னதும் எனக்குத் தெரியும். எனக்கு இன்றைக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை.

சுனாமிக்குப் பிறகு திராய்மடுவில் நாங்கள் தகரக் கொட்டிலில் இருந்த காலத்தில், என்னுடைய மாமி வந்த இரண்டாம் கிழமையே எங்கேயோ ஒரு முருங்கைக் கொம்பு வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நட்டா. "மாமி, இது நிரந்தரமில்லையே, என்னத்துக்கு மரம்?" என்று கேட்டேன். "நிரந்தரம் வருமட்டும் கறிக்கு இலை வேணாமா புள்ள?" என்றா. மாமி எரேமியாவை வாசித்தாவோ தெரியாது, எழுதப் படிக்கவும் அவ்வளவு தெரியாது. நீ தம்பியின் ஜன்னலோரம் தையல் மெஷினை இழுத்துப் போட்டு, அவரைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூட யூனிஃபோம் தைக்கிறாயே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மாமியின் முருங்கை ஞாபகம் வரும். அட்டையைக் கழற்றாதே. ஆனால் 11ஐ மட்டும் பார்க்காமல் 4ஆம் வசனத்திலிருந்து ஒருக்கால் வாசி.

சரி, அதுவும் ஓடுகிறது என்றால்?

சங்கீதத்துக்குப் போ. 23ஐயும் 91ஐயும் நமக்கு ஞாயிறு பாடசாலையிலேயே மனனம் பண்ண வைத்தார்கள். 13ஐயும் 88ஐயும் யாரும் வைக்கவில்லை. 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறைப்பாடுதான் தங்கச்சி. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று கேட்கிறது ஏதோ அவிசுவாசி இல்லை, தாவீது. 88 இன்னும் மோசம். மற்ற முறைப்பாட்டுச் சங்கீதங்கள் அநேகத்தில் கடைசியிலாவது ஒரு துதி வரும், இதில் அதுவும் இல்லை, எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள்தான். அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறார் எழுதினவர். அதை வேதத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, பார். ஆலயத்தில் பாடுவதற்கென்று வைத்துக்கொண்டார்கள். நம்முடைய ஊரில் செத்த வீட்டில் பெண்கள் கூடி ஒப்பாரி வைப்பார்களே, ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவள் பிடித்துக்கொள்வாளே, எனக்கு இந்தச் சங்கீதங்கள் அப்படித்தான் கேட்கும். உனக்குச் சொல் வராத நேரம் இன்னொருவர் எடுத்துக் கொடுக்கிறார்.

எனக்கும் 42ஆம் சங்கீதத்துக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு. நத்தாருக்குச் சுட்ட பலகாரம் டின்னில் பாதி அப்படியே கிடந்திருக்கும். நான் அன்று புளியந்தீவில் சித்தி வீட்டில். கடற்கரையோரம் நாவலடியில் அம்மாவும் என் கடைசித் தம்பியும் ஆராதனைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவை இரண்டாம் நாள் கண்டெடுத்தோம், தம்பியைக் காணவேயில்லை. அதற்குப் பிறகு ஒருநாள் முகாமில் யாரோ கொடுத்த பைபிளைத் திறந்தபோது அந்த ஏழாம் வசனம்: "உமது மதகுகளின் இரைச்சலால் ஆழத்தை ஆழம் கூப்பிடுகிறது, உமது அலைகளும் திரைகளும் எல்லாம் என்மேல் புரண்டுபோகிறது."

மூடி எறிந்துவிட்டேன். உண்மையாகவே எறிந்தேன், தகரத்தில் பட்டுச் சத்தம் கேட்டது. கடலின் அலை என்று எழுதியிருந்தால் பொறுத்திருப்பேன். "உமது" அலைகள் என்றல்லவா எழுதிக்கிடக்கிறது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் அந்தப் பக்கத்துக்கே போகவில்லை. மறுகா ஒரு மார்கழி மழையில், உன்னிச்சைக் குளத்து வான்கதவு திறந்து வவுணதீவுப் பக்கம் வயலெல்லாம் வெள்ளம் என்று சனம் கதைத்துக்கொண்டிருந்த நாட்களில், மதகு என்ற சொல் திரும்ப ஞாபகம் வந்தது. எடுத்து வாசித்தேன். அப்போதுதான் கண்டேன், அதை எழுதின ஆள் அலையைப் பற்றி என்னிடம் சொல்லவில்லை. ஆண்டவருடைய முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டிருக்கிறார். உம்முடைய அலைதான், உம்முடைய திரைதான் என் தலைக்கு மேலால் போகிறது, ஏன் என்னை மறந்தீர் என்று. நான் ஒரு வருஷமாக அவருக்குப் பின்னால் நின்று முணுமுணுத்ததை, இவர் முன்னால் நின்று கேட்கிறார். என் கோபம் அன்று போகவில்லை. ஆனால் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரிந்தது. எனக்குக் கிடைத்த பெலன் என்றால் அவ்வளவுதான், அதற்கு மேல் பெரிதாய்ச் சாட்சி சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

என்ன பாவம் செய்தாய் என்று கேட்கிறவர்களைப் பற்றி நீ கவலைப்படாதே. யோவான் 9இல் சீஷர்கள் இதே கேள்வியைக் கேட்டு, "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். யோபுவின் சிநேகிதர்களையும் பார், முதல் ஏழு நாளும் வாய் திறக்காமல் தரையில் இருந்தவரைக்கும் நல்ல சிநேகிதர்கள். விளக்கம் சொல்லத் தொடங்கின பிறகுதான் பிழையாய்ப் போனது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று, ஞாயிறு பாடசாலை முடிந்து சீயோன் தேவாலய வாசலில் நின்ற பிள்ளைகளைக் குண்டு கொண்டுபோன பிறகு, இந்த ஊர்ச் செத்த வீடுகளில் இரண்டு விதமான ஆட்களையும் நான் கண்டேன். ஒரு வீட்டில் "எல்லாம் நன்மைக்கே" என்று ஒருவர் சொல்ல, அந்தத் தகப்பன் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார். ரோமர் 8:28 அப்படிச் சொல்வதற்குத் தரப்பட்ட வசனமில்லை. இரண்டு வசனம் முன்னால்தான் பவுல், நமக்கு ஜெபிக்கவே தெரியாத நேரம் ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" வேண்டுகிறார் என்று எழுதியிருக்கிறார். பெருமூச்சைத் தாண்டித்தான் 28க்கு வரவேண்டும், குறுக்கால் பாய முடியாது. உனக்கு இப்போது பெருமூச்சுதான் வருகிறது என்றால் அதுவும் ஜெபத்தில் சேர்த்திதான்.

சங்கீதம் 56:8ஐயும் பார்த்து வை. "என் அலைச்சல்களைத் தேவரீர் எண்ணியிருக்கிறீர், என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்." துருத்தி என்றால் கொல்லன் பட்டறையில் காற்று ஊதுகிற துருத்தி என்றுதான் சின்னனில் நினைத்துக்கொண்டிருந்தேன், கண்ணீரை ஏன் அதற்குள் விடுகிறார் என்று குழம்பியும் இருக்கிறேன். தண்ணீர் கொண்டுபோகிற தோல்பைக்கும் அதுதான் பெயர். எனக்கு அதைவிடப் பிடித்தது அந்த "எண்ணியிருக்கிறீர்". கிளினிக்குக்கு ஓட்டோ பிடித்த தடவைகள், படுக்கைப்புண் வரக்கூடாதென்று இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் அவரைத் திருப்பின இரவுகள், ஒன்றையும் நீ எழுதி வைக்கவில்லை. யாரோ எண்ணுகிறார்.

இன்னொன்று. போன மாதம் நான் வந்த அன்று, உன் பெயரைச் சொல்லத் தம்பி எவ்வளவு பாடுபட்டார், வரவேயில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. பிறகு நான் சும்மா, என்ன செய்வதென்று தெரியாமல், "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று தொடங்கினேன். நான் மூச்செடுக்க நிறுத்தின இடத்தில் அவர் "நான் தாழ்ச்சியடையேன்" என்று முடித்தாரே! குழறித்தான், ஆனால் முழுசாய். நீ கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டாய். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மிஸ்ஸிடம் கேட்டேன். இடப்பக்க மூளையில் அடிபட்டுப் பேச்சுப் போனவர்களிலும் பலருக்கு, சின்ன வயதில் மனனமான ஜெபமும் பாட்டும் எண்ணிக்கையும் தப்பி நிற்குமாம், புதிதாய் ஒரு வசனம் கோர்க்கிற வழியும் பாடமான ஒன்றைச் சொல்கிற வழியும் ஒன்றில்லையாம். ஆகையால் அதை அற்புதம் என்று நான் சாட்சி சொல்லப் போவதில்லை. ஆனாலும் யோசித்துப் பார், ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு பாடசாலை டீச்சர் பிரம்போடு நின்று ஏற்றிவிட்டது, மற்ற எல்லாம் போனபிறகும் அந்த மனிதனுடைய வாயில் மிச்சம் கிடக்கிறது. ஒருநாளைக்கு ஒன்று, அவருக்குப் பக்கத்தில் இருந்து சத்தமாய்ச் சொல். நடுவில் நிறுத்து. அவர் முடித்தால் முடிக்கட்டும்.

அதுவும் ஏலாத நாளில் எலியாவைப் போலச் செய். 1 இராஜாக்கள் 19. அவ்வளவு பெரிய தீர்க்கதரிசி ஒரு சூரைச்செடியின் கீழே விழுந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். சூரை எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும், முள்ளுப்பற்றை, நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. தூதன் வந்து அவரைக் கண்டிக்கவுமில்லை, வசனம் சொல்லவுமில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு செம்பு தண்ணீரும் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பவும் படுத்துவிட்டார். தூதன் அதற்கும் குறை சொல்லாமல், இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பாடு கொடுத்தார்.

வியாழன் பின்னேரம் நான் வருகிறேன். தேங்காய்ப்பூ ரொட்டியும் கட்டச்சம்பலும் கொண்டு வருவேன், நீ ஒன்றும் சமைக்காதே. தம்பியை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் திருப்புகிற வேலை அன்றைக்கு விடியுமட்டும் எனக்கு. எந்தத் தோளில் நோ என்று மட்டும் சொல்லிவிட்டு, நீ உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படு.

அன்புடன்,
அக்கா