அரசியல் அறிவியல் படிக்கிற புள்ள கிராம சபைல எந்திரிச்சுப் பேசணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் பொண்ணு அரசுக் கல்லூரில பி.ஏ. அரசியல் அறிவியல் ரெண்டாம் வருஷம் படிக்கிறா. இந்த அக்டோபர் 2 கிராம சபைக்கு அவளையும் கூட்டிட்டுப் போனேன். ஸ்கூல் வளாகத்துல சாமியானா போட்டிருந்தாங்க, உள்ள நுழையும்போதே நோட்ட நீட்டி கையெழுத்து வாங்கிட்டாங்க, தீர்மானம் எழுதற பக்கம் அப்ப காலியாத்தான் இருந்துச்சு. வரவு செலவ யாரும் வாசிக்கல, அரை மணி நேரத்துல டீயக் குடுத்து முடிச்சுட்டாங்க.

வீட்டுக்கு வந்து இவகிட்ட கிராம சபை பத்திக் கேட்டா, பஞ்சாயத்துக்கான 1992 அரசியல் சட்ட 73வது திருத்தம், கிராம சபை பத்தின பிரிவு 243ஏ, பஞ்சாயத்து வேலைகளப் பட்டியல் போடற 11வது அட்டவணைல 29 இனம்னு கடகடன்னு ஒப்பிக்கிறா, பத்து மார்க் கேள்வியாம். அப்ப ஏம்மா வரவு செலவ வாசிங்கன்னு கேக்கலன்னேன். "நாம எந்திரிச்சுக் கேக்கலாம்னு யாரும் சொல்லித் தரலப்பா"ங்கிறா. எனக்கு மனசே ஆறல.

பிளேட்டோ, அரிஸ்டாட்டில் எல்லாம் வேணாம்னு சொல்லல, அதுவும் படிக்கட்டும். ஆனா மூணு வருஷம் படிச்சு வெளிய வர்ற புள்ளைக்கு ஒரு தகவல் உரிமை மனு எழுதத் தெரிய வேணாமா? எங்க தெரு ரோடு பத்தி இவள எழுதச் சொன்னேன், "ஏன் இன்னும் போடல"ன்னு எழுதுறா. மனு போட்டுப் பழகின நண்பர் ஒருத்தர் பாத்துட்டு, ஏன்னு கேட்டா பதில் வராதும்மா, மதிப்பீட்டு நகல் குடுங்க, செஞ்ச வேலைய அளந்து எழுதற எம் புக் நகல் குடுங்கன்னு கேளுன்னு திருத்திக் குடுத்தாரு. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பிச்சோம், 30 நாளைக்குள்ள பதில் சொல்லணும்னு 2005 சட்டத்துலயே இருக்கு. அந்த ஒரு சாயங்காலத்துல அவ கத்துக்கிட்டது ஒரு செமஸ்டர்ல கத்துக்கிட்டத விட ஜாஸ்தின்னு அவளே சொல்றா.

நம்ம ஊர்ல இப்ப வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்குது. அதுல ரெண்டுலயாவது உக்காந்து பாத்து, என்ன தீர்மானம் போட்டாங்க, யார் பேசினாங்க, யார் வாயே தெறக்கலன்னு எழுதிட்டு வரச் சொல்லி அதுக்கு இன்டர்னல் மார்க் குடுங்கன்னுதான் பேராசிரியர்கள கெஞ்சிக் கேட்டுக்கிறேன். உள்ளாட்சில பொண்ணுங்களுக்குப் பாதி இடம் ஒதுக்கியிருக்கு, 21 வயசு ஆனா போதும் வார்டு மெம்பருக்கு நிக்கலாம், டிகிரி முடிக்கும்போது இவளுக்கும் ஏறக்குறைய அந்த வயசு வந்துரும்.

நவம்பர் 1 கூட்டத்துக்கு கிளாஸ் பசங்க நாலு பேரயும் கூட்டிட்டு வர்றாளாம். கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே வரவு செலவ வாசிக்கச் சொல்லிக் கேக்கப் போறேன்னு இப்பவே சொல்லிட்டிருக்கா.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்,
தஞ்சாவூர் மாவட்டம்