சனிக்கிழமை காய்கறிப் பை: புதனுக்குள் சொல்லுங்கள்

பெற்றோர்களுக்கு வணக்கம். போன கூட்டத்தில் பேசியபடி, விவசாயியிடம் நேராகக் காய்கறி வாங்குவதை இந்த வாரம் தொடங்குகிறோம்.

நாள்: ஜூலை 11, சனி, காலை 7.30 முதல் 8.30 வரை
இடம்: காத்ர் போர்ன், நம் தமிழ் வகுப்புக் கூடத்தின் பின்வாசல்

ஏன் என்று கேட்டவர்களுக்கு: மொரீஷியஸ் சாப்பிடுவதில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது. விளைநிலத்தில் பெரும்பகுதி இன்னும் கரும்புதான். இங்கே விளைகிற காயும் ஏலத்துக்குப் போய், கை மாறித்தான் நம்மிடம் வருகிறது. லா மாரி பக்கம் தோட்டம் போட்டிருக்கும் அக்காவிடம் விசாரித்தேன். நான் சந்தையில் வாங்கிய முருங்கைக்கீரைக் கட்டின் விலையில் பாதிகூட அவர் கைக்குப் போகவில்லை.

1. ஒரு பை 250 ரூபாய். சௌசௌ, பூசணி, கத்தரி, கீரை என்று அந்த வாரம் விளைந்தது இருக்கும். தக்காளி எங்கே என்று கேட்காதீர்கள்; மழை பெய்தால் இல்லைதான்.
2. விலை விவசாயியே வைத்தது. பேரம் வேண்டாம்.
3. வளைந்த கத்தரிக்காயும் வரும். குழம்பில் எல்லாம் ஒன்றுதான்.
4. துணிப்பை கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் பைக்கு 2016-லேயே தடை வந்தாயிற்று, இன்னும் சிலர் வெறுங்கையோடு வருகிறீர்கள்!
5. எடை போட இரண்டு பேர் வேண்டும். என் தராசு 50 கிராம் கூட்டிக் காட்டுகிறது, நல்லது இருந்தால் எடுத்து வாருங்கள்.

புதன் இரவு 8 மணிக்குள் "1 பை", "2 பை" என்று இங்கேயே எழுதுங்கள். வெறும் கட்டைவிரல் போட்டால் எண்ணிக்கை தெரியாது.