வெண்புள்ளிக்கு எந்த டாக்டர்?

ஐயா, மகளுக்கு உதட்டோரம் வெண்புள்ளி வந்ததும் யாரிடம் போவதென்றே தெரியவில்லை. பஸ் ஸ்டாண்ட் சுவரெங்கும் '90 நாளில் குணம்' போஸ்டர்கள். லாட்ஜ் வைத்தியர் ஒருவரிடம் ஆறு மாதமும் பணமும் போனதுதான் மிச்சம். அப்புறம்தான் திருநெல்வேலி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனோம். களிம்பும், வாரம் இரண்டு மூன்று தடவை 311 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதாக் கதிர் சிகிச்சையும் கொடுக்கிறார்கள். முகத்தில் நிறம் திரும்ப வாய்ப்பு அதிகம், விரல் நுனியில் கஷ்டம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த நேர்மையே பாதி மருந்து. வெண்புள்ளி குஷ்டமும் அல்ல, தொற்றவும் செய்யாது. ஜூன் 25 வெண்புள்ளி தினத்தில் மட்டும் பேசாமல், இந்தக் கதிர் சிகிச்சை எந்தெந்த ஊரில் கிடைக்கும் என்று நாளிதழ்கள் பட்டியல் போடலாமே? வாரம் மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு யார்தான் பஸ் ஏற முடியும்?

- ஒரு தாய், தென்காசி